அறுபத்து நான்கில் மூன்று: நீண்ட அறிவியல் புனைவுத் தொடர்கள் திரைக்கு வரும் வழி

ஆவணி மூலத் திருவிழா நாட்களில் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாளுக்கொரு திருவிளையாடல் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. கருங்குருவிக்கு உபதேசம் செய்தது ஒரு நாள், நாரைக்கு முத்தி கொடுத்தது ஒரு நாள், வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது என்று வளர்ந்து, பிட்டுக்கு மண் சுமந்த லீலையன்று புட்டுத்தோப்பில் ஊரே திரண்டு நிற்கும். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் 64 படலங்களும் 3,363 பாடல்களும் உள்ளன. விழாவில் நிகழ்பவை அவற்றுள் சில மட்டுமே. மிச்சப் படலங்கள் என்னவாயின என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தெரிந்த கதையின் ஒரு துண்டைப் பார்க்கும்போதே அதன் முன்னும் பின்னும் மனத்தில் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன.

1965இல் ஏ. பி. நாகராஜன் இப்புராணத்தைத் திரைப்படமாக்கியபோது அந்த 64இல் மூன்றைத்தான் எடுத்துக்கொண்டார். தருமிக்குப் பொற்கிழி அளித்தது, வலை வீசியது, விறகு விற்றது ஆகிய அம்மூன்றும் புராண வரிசையில் முறையே 52, 57, 41ஆம் படலங்கள். படத்தில் 41ஆவது கடைசியில் வருகிறது. மதுரைப் புராணத்தில் தனிப் படலமாக இல்லாத தக்கன் வேள்வியை நடுவில் சேர்த்தார். ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போன முருகனுக்கு அன்னை சொல்லும் கதைகளாக அத்தனையையும் ஒரே சரட்டில் கோத்தார். வெட்டுதல், வரிசை மாற்றுதல், வெளியிலிருந்து சேர்த்தல், புதிதாக ஒரு கதைச் சட்டகம் அமைத்தல் ஆகிய நான்கு வேலைகளையும் அவர் செய்தார். நீண்ட நாவல் வரிசையைத் திரைக்குக் கொண்டுவரும் எவரும் எந்த நாட்டிலும் இந்நான்கைத்தான் செய்தாக வேண்டியிருக்கிறது.

அறிவியல் புனைவுத் தொடரைப் படமாக்க வருபவருக்கு நாகராஜனுக்கு இருந்த வசதி இல்லை. சிவன் யார், பாண்டியன் யார், சங்கப் பலகை என்பது என்ன என்று அவர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு பாலைக் கோளில் நடக்கும் கதைக்கு அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு வருகிறார்கள். அந்த உலகத்தில் எது அருமை, எது குற்றம், யார் யாருக்கு அஞ்ச வேண்டும் என்பதெல்லாம் முதல் அரைமணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். எனவே திரைக்கதையாசிரியர் ஒரு கையால் வெட்டிக்கொண்டே மறுகையால் கட்டவும் வேண்டியிருக்கிறது.

இவ்வகைத் தொடர்களைப் படமாக்குவது ஏன் கடினம் என்று கேட்டால் பெரும்பாலோர் கிராபிக்ஸ் செலவைச் சொல்வார்கள். செலவு உண்மையான தடைதான். ஆயினும் அது பணத்தால் தீரும். பணத்தால் தீராத சிக்கல் காலம் என்பது என் கருத்து. பெரிய அறிவியல் புனைவுத் தொடர்கள் பலவற்றில் தனிமனிதர் எவரும் கதையை முழுதாகத் தாங்குவதில்லை; நூற்றாண்டுகள் தாங்குகின்றன. ஒரு பேரரசு சரிவதையோ ஒரு கோளின் பருவநிலை மாறுவதையோ ஓர் இனம் தன் அச்சத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பதையோ சொல்லவே அந்த எழுத்தாளர்கள் ஐந்தும் ஆறும் நூல்கள் எழுதினார்கள். திரைக்கோ முகம் வேண்டும். முதல் காட்சியில் நாம் பார்த்த முகம் இடைவேளைக்குப் பின்னும் இருந்தால்தான் நாம் கதையோடு இருப்போம். நூற்றாண்டுகளுக்கு ஒரு முகத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தழுவலும் என்ன விடை கண்டது என்று பார்த்தால், அது எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையில். 1942 முதல் 1950 வரை 'அஸ்டவுண்டிங்' இதழில் தனித்தனிக் கதைகளாக வந்து, 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களான படைப்பு அது. பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்த பால்வீதிப் பேரரசு சரியப்போகிறது. சரிந்தால் 30,000 ஆண்டு இருள். ஹாரி செல்டன் என்னும் கணித அறிஞர் அந்த இருளை ஆயிரம் ஆண்டாகக் குறைக்கத் திட்டமிடுகிறார். அவருடைய கணக்கின் அடிப்படை எளியது. ஒரு வாயுவில் ஒரு தனி மூலக்கூறு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வாயு முழுவதும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிடலாம். மனிதக் கூட்டமும் அப்படித்தான். ஆக, தனிமனிதர் பொருட்டல்ல என்பதே கதையின் அடிப்படை விதி. முதல் நூலில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்து போகிறது. ஒவ்வொரு பகுதியிலும் முன்பிருந்தவர்கள் இறந்து புதியவர்கள் வருகிறார்கள். போர்கள் பெரும்பாலும் பக்கத்துக்கு வெளியே நடக்க, பக்கத்துக்குள் மனிதர்கள் அறைகளில் அமர்ந்து வாதிடுகிறார்கள்.

இதைக் கண்ணுக்குக் கொடுப்பதைவிடக் காதுக்குக் கொடுப்பது எளிது. பிபிசி 1973இல் எட்டுப் பகுதி வானொலி நாடகமாக இதைச் செய்தது எனக்கு இயல்பாகவே படுகிறது. திரைப்படங்களை வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டுப் பழகிய தலைமுறை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. குரலிலேயே ஒரு கதை முழுதாக வந்துவிடும் என்பதை அவர்களுக்கு நிறுவிக் காட்ட வேண்டியதில்லை. திரைக்கு வந்தது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2021 செப்டம்பரில் ஆப்பிள் டிவி பிளஸ் தொடராக. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டேவிட் கோயர், நூல்களில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தார். பேரரசர் கிளியான் தன்னையே நகலெடுத்துக்கொள்கிறார். இளையவர், நடுவயதினர், முதியவர் என ஒரே மனிதரின் மூன்று படிகள் எப்போதும் அரண்மனையில் வாழ்கின்றன. ஒருவர் போனால் அடுத்த நகல் பிறக்கிறது. நூறாண்டு தாண்டிக் குதித்தாலும் அரியணையில் அதே முகம், அதே நடிகர்.

கதைச் சட்டகம் அமைப்பதில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை அண்மைக் காலத்தில் நான் பார்த்ததில்லை. மாற மறுக்கும் ஓர் ஆட்சி எப்படி உள்ளுக்குள் உளுத்துப்போகும் என்ற அசிமோவின் கருத்து, ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதிலேயே காட்சியாகிவிடுகிறது. நடிகரைத் தக்கவைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு கதையின் பொருளாகவே மாறிவிட்டது. தொடரின் மறுபாதியைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியவில்லை. கால் டோர்னிக், சால்வர் ஹார்டின் ஆகிய இருவரும் நூல்களில் ஆண்கள்; தொடரில் பெண்கள். அம்மாற்றத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவர்களுக்குப் பிறர்க்கில்லாத உள்ளுணர்வாற்றலைக் கொடுத்து, எல்லாம் அவர்கள் ஒருவரையே நம்பி நிற்பதாகக் காட்டியதுதான் குறை. தனிமனிதர் பொருட்டல்ல என்ற விதியின்மேல் எழுந்த கதையில் 'இவளில்லாவிட்டால் எல்லாம் போயிற்று' என்று சொன்னால் செல்டனின் கணக்குக்கு வேலையே இல்லாமற்போகிறது. கணக்கில் அடங்காத ஒருவனை அசிமோவே பின்னர் கொண்டுவந்தார் என்பது உண்மை. ஆனால் விதியை முழுதாக நிலைநாட்டிய பிறகே அதை உடைத்தார் என்பதால்தான் அந்த உடைப்பு வாசகரை உலுக்கியது.

மூலத்துக்கு உண்மையாக இருத்தல் என்று நாம் பேசும்போது நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்துக் கணக்குச் சொல்கிறோம்; அந்தக் காட்சி இல்லை, இந்தப் பாத்திரம் இல்லை என்று வருந்துகிறோம். நான் பார்த்த வரையில் ஓர் அறிவியல் புனைவில் காப்பாற்றப்பட வேண்டியது அவ்வுலகத்தின் விதி. நிகழ்ச்சிகளை மாற்றி விதியைக் காத்த தழுவல்கள் நிற்கின்றன. நிகழ்ச்சிகளைக் காத்து விதியை விட்டவை கலைந்துபோகின்றன. 'டூன்' வரிசையின் திரை வரலாறு இதற்கு நல்ல சான்று.

பிராங்க் ஹெர்பர்ட்டின் முதல் நாவல் 1963 முதல் 1965 வரை 'அனலாக்' இதழில் தொடராக வந்து 1965இல் நூலானது. 1985 வரை அவர் மேலும் ஐந்து நாவல்களை எழுதினார். ஆரெகன் மாநிலக் கடற்கரையில் நகரும் மணற்குன்றுகளைப் புல் நட்டு நிறுத்தும் முயற்சியைப் பற்றி எழுதப் போனவருக்கு அதிலிருந்து பிறந்த கற்பனை இது. அராக்கிஸ் என்னும் பாலைக் கோளில் தண்ணீர்தான் நாணயம். உடலிலிருந்து வெளியேறும் ஈரத்தைக்கூட ஓர் உடை பிடித்து மீண்டும் குடிக்கத் தருகிறது. வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதைப் பார்த்து, அணையில் தண்ணீர் திறப்பதைச் செய்தித்தாளில் தேடிப் படித்து, லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்து வளர்ந்த எங்களுக்கு இக்கதையின் மையம் விளங்க அகராதி தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொள்வேன். மற்றவற்றுக்குத் தேவைப்பட்டது.

1970களில் அலெஹாந்த்ரோ ஹொடொரோவ்ஸ்கி பல மணி நேரம் ஓடும் படமாக இதை எடுக்க முனைந்தார். அது படப்பிடிப்பு வரை வரவேயில்லை. 1984இல் டேவிட் லிஞ்ச் நாவல் முழுவதையும் 137 நிமிடங்களுக்குள் அடைத்தார். நாவலின் மிகப் பெரிய வலிமை, ஒரே காட்சியில் ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் புகுந்து புறப்படுவது. ஒருவர் பேசுவது ஒன்று, நினைப்பது வேறு, எதிரிலிருப்பவர் அதை ஊகிப்பது மற்றொன்று. லிஞ்ச் அந்த நினைவோட்டங்களைக் கிசுகிசுக்கும் பின்னணிக் குரலாக வைத்தார். தொடக்கத்தில் இளவரசி ஒருத்தி திரையைப் பார்த்து உலக வரலாற்றைச் சொன்னாள். அமெரிக்க அரங்குகளில் பார்வையாளர்களுக்குச் சொற்பொருள் அச்சிட்ட தாளும் தரப்பட்டது. இத்தனை நிகழ்ச்சிகளைச் சேர்த்துக் காத்துவந்தவர், முடிவில் கதைத் தலைவன் பால் அட்ரெய்டிஸ் அராக்கிஸில் மழை பெய்விப்பதாக முடித்துவிட்டார். நாவலின்படி அங்குள்ள மாபெரும் மணற்புழுக்களுக்குத் தண்ணீர் நஞ்சு. புழுக்கள் இல்லாவிட்டால் 'ஸ்பைஸ்' என்னும் அரும்பொருள் இல்லை. அது இல்லாவிட்டால் விண்மீன்களுக்கிடையே பயணமே இல்லை. திடீர் மழை அந்தக் கோளுக்கு வரமாகாது. வறண்ட ஊர்க்காரனாக அம்மழையைத் திரையில் பார்த்தபோது எனக்கும் உடல் சிலிர்த்தது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு காட்சியில் ஹெர்பர்ட் கட்டிய உலகம் முழுவதும் கரைந்துபோகிறது. தலைவனைத் தெய்வமாக நம்பும் கூட்டத்துக்கு நேரும் கேட்டைச் சொல்ல எழுதிய கதையில் தலைவன் மெய்யாகவே தெய்வமாகிவிடுகிறான்.

டெனி வில்நவ் 2021இலும் 2024இலும் எடுத்த இரு படங்களும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. ஆனால் அவை ஒரே ஒரு நாவலைத்தான் சொல்கின்றன. உள்மனக் குரலை அவர் ஏறத்தாழ முற்றிலும் நீக்கினார்; தாயும் மகனும் விரல் சைகையால் பேசிக்கொள்வதையும் நீண்ட மௌனங்களையும் அவ்விடத்தில் வைத்தார். நாவலில் புகழ்பெற்ற விருந்துக் காட்சி, முழுக்க முழுக்க மனத்துக்குள் நடப்பது என்பதாலோ என்னவோ, படத்தில் இல்லை. உலகத்தின் விதியைக் காட்டுவதற்கு அவர் பிடித்த வழிக்கு ஒரு காட்டு: பாலைநிலத் தலைவன் ஸ்டில்கர் பேச்சுவார்த்தைக்கு வந்து மேசைமேல் துப்புகிறான். காவலர்கள் கொதித்தெழுகிறார்கள், அங்கே பழகிய வீரன் ஒருவன் மட்டும் உடலின் ஈரத்தைக் கொடையாகத் தந்ததற்கு நன்றி சொல்லித் தானும் துப்புகிறான். எங்கள் ஊர்த் தெருவில் வெட்டுக்குத்தில் முடியக்கூடிய செயல் அங்கே மரியாதையாக இருக்கிறது என்றால் அந்த நாட்டில் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்பதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. சொற்பொருள் தாள் செய்யாததை அரை நிமிடம் செய்துவிடுகிறது.

மதுரை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடத்தில் நூலகமும் உண்டு, ஆங்கிலப் படங்கள் காட்டிய ரீகல் தியேட்டரும் உண்டு. ஆங்கிலம் அறியாதவர்கள் அங்கே படத்துக்குப் போய், வசனத்தைப் பிடிக்க முடியாவிட்டாலும் கதையைப் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் சொன்ன காலம் ஒன்று இருந்தது. புத்தகமும் திரையும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்தக் கட்டடத்தை நினைக்கும்போதெல்லாம், தழுவலை மதிப்பிட அந்தப் பார்வையாளரைவிட நல்ல நீதிபதி கிடையாது என்று எனக்குத் தோன்றும். வசனம் ஒன்றும் விளங்காத ஒருவருக்கு இந்த உலகத்தின் விதி விளங்குமா? துப்பும் காட்சி அவருக்கும் விளங்கும்; கிசுகிசுக்கும் குரல்கள் விளங்கா.

காலத்தில்தான் வில்நவும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நாவலில் பால் பாலைநில மக்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறான். அவனுக்கு ஒரு மகன் பிறந்து கொல்லப்படுகிறான். தங்கை பிறந்து, பேச்சிலும் அறிவிலும் முதிர்ந்த சிறுமியாக இறுதிப் போரில் பங்குகொள்கிறாள். படத்தில் அத்தனையும் சில மாதங்களாகச் சுருங்கிவிடுகின்றன. தங்கை கடைசி வரை கருவிலேயே இருந்து தாயோடு உரையாடுகிறாள். வேகம் கிடைத்தது. ஒரு மக்கள் கூட்டம் மெல்ல மெல்ல ஒருவனைத் தெய்வமாக்கிக்கொள்ளும் ஆண்டுகள் போயின. அந்த இழப்பு சிறியதன்று. அதை ஈடுசெய்ய அவர் பாலின் காதலியான சானி என்னும் பெண்ணை மாற்றி எழுதினார். நாவலில் பாலின் முடிவை ஏற்று உடனிருக்கும் சானி, படத்தில் அவனுடைய தெய்வக்கோலத்தை நம்ப மறுத்து இறுதியில் தனியே விலகிப் போகிறாள். பாலை வெறும் வீரனாகப் பாராட்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையை ஹெர்பர்ட் 1969இல் வந்த இரண்டாம் நாவலில் விரித்துச் சொன்னார். வில்நவ் அந்த எச்சரிக்கையை முன்கூட்டியே ஒரு முகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நிகழ்ச்சி மாறியது, விதி காக்கப்பட்டது.

சீன எழுத்தாளர் லியூ சிசினின் 'த்ரீ-பாடி பிராப்ளம்' முப்பெருநூல் இதே சிக்கலுக்கு மற்றோர் ஆய்வுக்களம். சான்சி மாநிலத்து மின்நிலையம் ஒன்றில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். பெங்களூரில் பொறியாளராக இருந்துகொண்டு தமிழில் எழுதிய சுஜாதாவை நினைக்காமல் அவரைப் படிக்க என்னால் முடிவதில்லை. முதல் நாவல் 2006இல் சீன இதழில் தொடராகி 2008இல் நூலாயிற்று. மூன்றாவது 2010இல் வந்தது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக முதல் நாவல் 2015இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது. மூன்று நூல்களுக்கும் மூன்று வெவ்வேறு முதன்மைப் பாத்திரங்கள். இரண்டாமவரும் மூன்றாமவரும் உறைநிலைத் தூக்கத்தில் நூற்றாண்டுகளைக் கடக்கிறார்கள். கதை பிரபஞ்சத்தின் அந்திமக் காலம் வரை நீள்கிறது.

2023இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் முதல் நாவலை மட்டும் 30 எபிசோடுகளில், உரையாடல்களைக்கூடப் பெரிதும் விடாமல் எடுத்தது. அடுத்த ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் எட்டே எபிசோடுகளில் முதல் நாவலையும் அடுத்த இரண்டின் தொடக்கங்களையும் ஒன்றாகப் பின்னியது. மூன்று நூல்களில் தனித்தனியே வரும் மனிதர்களை ஆக்ஸ்போர்டில் ஒன்றாகப் படித்த ஐந்து நண்பர்களாக்கி, ஒரே காலத்தில், ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தது. வரிசையிலும் வேறுபாடு உண்டு. சீன நூலில் கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் நடுவில் இருந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு அவற்றை முதலுக்குக் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸும் 1966இல் ஓர் இயற்பியல் பேராசிரியர் கூட்டத்தின் நடுவே அடித்துக் கொல்லப்படுவதிலிருந்தே தொடங்குகிறது. அந்த முதல் காட்சியைப் பார்த்தவருக்கு, அப்பேராசிரியரின் மகள் பின்னாளில் மனித இனத்தையே வேற்றுலகத்தாரிடம் காட்டிக்கொடுப்பது ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நண்பர்கள் என்ற ஏற்பாட்டால் காலச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. அதற்கு விலையாக இடம் போயிற்று. சீனத்து ஆய்வுக்கூடங்களிலும் தெருக்களிலும் வேர்விட்டிருந்த கதை லண்டனுக்குக் குடிபெயர்ந்ததைச் சீன வாசகர்கள் பலர் குறையாகச் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் நடக்கும் ஒரு கதையை வேறு பெருநகரத்துக்கு மாற்றி எடுத்தால் நாங்கள் என்ன சொல்வோமோ அதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

'தி எக்ஸ்பான்ஸ்' தொடரின் கதை இவற்றிலிருந்து சற்று விலகியது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் டேனியல் ஆப்ரகாமும் டை ஃபிராங்கும் 2011 முதல் 2021 வரை எழுதிய ஒன்பது நாவல்கள். 2015 முதல் 2022 வரை ஆறு சீசன்களில் 62 எபிசோடுகள். எழுத்தாளர்கள் இருவரும் திரைக்கதைக் குழுவிலேயே இருந்ததால், எதை முன்னே கொண்டுவரலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் நாவலில்தான் வரும் அவசரலா என்னும் முதிய அரசியல்வாதியை முதல் சீசனிலேயே கொண்டுவந்ததால், விண்கல் வளையத்தில் நடப்பதோடு பூமியின் அரசியலும் தொடக்கத்திலிருந்தே இணையாக ஓடியது. 2018இல் சைஃபை அலைவரிசை தொடரைக் கைவிட்டது, ரசிகர்கள் அமேசான் அலுவலகத்தின்மேல் விமானத்தில் பதாகை பறக்கவிட்டுக் கேட்டார்கள், அமேசான் ஏற்றுக்கொண்டது.

இத்தனை பேறு பெற்ற தொடரும் காலத்திடம் வந்து நின்றது. ஆறாம் நாவலுக்கும் ஏழாவதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தாளில் அது ஒரு பக்கம் திருப்புவது. படப்பிடிப்பிலோ அதே நடிகர்கள் நரைத்து, தளர்ந்து, புதிய தலைமுறைக்கு நடுவே நிற்க வேண்டும். தொடர் ஆறாம் நாவலோடு நின்றுவிட்டது. அடுத்த நாவல்களுக்கு வித்தாக வேற்றுக்கோள் ஒன்றில் வாழும் ஒரு சிறுமியின் கதையை ஆறாம் சீசனில் தொட்டுக்காட்டிவிட்டு அப்படியே விட்டார்கள். பாதி இழுத்த கோலமாக அது இன்னும் கிடக்கிறது. ஒரு நடிகர் தொடர முடியாமற்போனதால், நாவல்களில் கடைசி வரை உயிரோடிருக்கும் விண்கல ஓட்டுநர் ஐந்தாம் சீசனின் முடிவில் இறந்துபோனார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எழுத்தாளனுக்குச் சொந்தமான காலம் திரையில் அவனுக்குச் சொந்தமில்லை என்பது தெளிவாகும்.

சீசன்களுக்கு இடையிலான இடைவெளியும் இதே கணக்கில் வரும். 'ஃபவுண்டேஷன்' கதையை 80 எபிசோடுகளில் சொல்லலாம் என்று கோயர் தொடக்கத்தில் கூறியிருந்தார். சீசனுக்குப் பத்து எபிசோடு, 2021, 2023, 2025 என ஈராண்டுக்கு ஒரு சீசன் என்ற நடையில் போனால் எட்டாவது சீசன் 2035இல்தான் வரும். முதல் சீசன் பார்த்த பள்ளி மாணவன் அப்போது தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

தமிழ் வாசகருக்குக் காத்திருத்தல் புதிதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர், எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து முயன்று, 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு படங்களாக அது திரைக்கு வர ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாயின. அது வரலாற்றுப் புனைவு; முகங்கள் மாறாத கதை; பார்வையாளரில் பெரும்பகுதியினருக்குத் தெரிந்த கதையும்கூட. நம் மொழியில் அறிவியல் புனைவுக்கு அத்தகைய இடத்தில் இருப்பது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வும். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த முதல் கதை பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஜீவா என்னும் ஒற்றை ஆட்சியாளர், ஈரெழுத்துப் பெயர் கொண்ட குடிமக்கள், பிள்ளை பெற அரசு அனுமதி, வயதானவர்களுக்கு அரசு வைக்கும் முடிவு, காணாமற்போன கணவனைத் தேடும் நிலா, எல்லாவற்றையும் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்.

இக்கதைகளுக்கு நூற்றாண்டுச் சிக்கல் இல்லை. வாரந்தோறும் ஒரு கொக்கியோடு முடிய வேண்டும் என்ற கட்டாயத்தில் எழுதப்பட்டதால் எபிசோடு பிரிப்பும் கதையிலேயே இருக்கிறது. அசிமோவ், ஹெர்பர்ட், லியூ ஆகிய மூவரின் இத்தொடர்களும் இதழ்களில்தான் தொடங்கின என்றாலும், வாரப் பத்திரிகையின் அந்த நெருக்கடி தமிழ்த் தொடர்கதையில்தான் அதிகம். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ஜீவா நேரில் வருவதில்லை. முப்பரிமாணப் பிம்பமாகத்தான் தோன்றுகிறார். பிம்பம் எது, மனிதர் எவர் என்ற ஐயம் தாளில் இயல்பாக எழுகிறது, ஏனென்றால் அங்கே எல்லாரும் சொற்களால் ஆனவர்கள். திரையிலோ எல்லாரும் பிம்பங்கள். நிலாவையும் ஜீவாவையும் ஒரே வகை ஒளியில் காட்டினால் பார்ப்பவருக்கு ஐயமே தோன்றாது. வேறுபடுத்திக் காட்டினால் மர்மம் முதல் காட்சியிலேயே அவிழ்ந்துவிடும். இன்றைய கிராபிக்ஸ் வசதி இதைத் தீர்க்காது. ஜீவாவை யாருடைய கண் வழியாக நாம் பார்க்கிறோம் என்பதை முடிவு செய்தால்தான் தீரும். என்னைக் கேட்டால், ஜீனோவின் கண் வழியாக என்பேன்.

அந்தத் தொடரை நான் முதலில் படித்தது பெத்தானியாபுரத்தில் அத்தை வீட்டில், விகடனிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்த தொகுப்பில். பக்கங்களின் பின்புறத்தில் பாதி ஜோக்கும் பாதி விளம்பரமும் அப்படியே இருக்கும். நடுவில் ஒரு வாரம் மட்டும் இல்லை. யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று சொல்லிவிட்டு, அரிசி களைந்துகொண்டே அத்தை அந்த வாரத்துக் கதையை வாயாலேயே சொல்லி நிரப்பினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு முழு நூல் கிடைத்து அந்த அத்தியாயத்தைப் படித்தபோது, இரண்டு காட்சிகளை அவர்கள் ஒன்றாக்கியிருந்ததும், ஒரு காவலரை விட்டுவிட்டதும், கதையில் இல்லாத ஒரு மாடிப்படியைச் சேர்த்திருந்ததும் தெரிந்தன. ஜீனோ பேசும் விதத்தில் மட்டும் ஒரு சொல்லும் மாறியிருக்கவில்லை.